தரையெல்லாம் வெளிச்சம், முகம் மட்டும் இருட்டு: ஏன்?

மதிலோரம்

எங்கள் குடியிருப்பில் பழைய சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு உயரமான கம்பங்களில் எல்.இ.டி. ஃபிளட் லைட் போட்டிருக்கிறோம். தரையில் ஊசி விழுந்தால் எடுத்துவிடலாம். ஆனால் ராத்திரி கேட்டுக்குள் வருகிறவர் குடியிருப்பவரா, வெளியாளா என்று மிகவும் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது என்கிறார் வாட்ச்மேன். அவருக்கு வயதாகிவிட்டது, ஆளை மாற்றுங்கள் என்று அசோசியேஷனில் ஒரு கட்சி. நானும் கேட்டில் நின்று பார்த்தேன், அவர் சொல்வது சரிதான். மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில் தெரிந்த முகங்கள் இப்போது தெரியவில்லை. வெளிச்சம் கூடினால் முகம் நன்றாகத் தெரியத்தானே வேண்டும்? விளக்கு, போட்டோ, மூளை, எதைப் பற்றித் தெரிந்தவராக இருந்தாலும் சொல்லுங்கள்.

ஒளிமானி

விளக்கு அமைப்பதுதான் என் தொழில். வாட்ச்மேனை விட்டுவிடுங்கள், பாவம்.

கான்டிராக்டர் லக்ஸ் மீட்டரைத் தரையில் வைத்து அளந்து காட்டியிருப்பார்; ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகுதான் லக்ஸ். அது தரையில் விழும் வெளிச்சம். முகம் தரையில் படுத்திருப்பதில்லை, நட்டுக்குத்தாக நிற்கிறது. தலைக்கு நேர் மேலே எவ்வளவு பெரிய விளக்கு இருந்தாலும் நெற்றியும் மூக்கு நுனியும் மின்னும், கண்குழி இரண்டும் இருண்டு போகும்.

இது எங்கள் தொழிலில் பழைய விஷயம். 1980இல் கமினாடா, வான் பொம்மல் என்ற இருவர் தெருவில் நடந்து வருகிறவரின் முகம் தெரிய எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று பார்த்தார்கள். அரை உருளை வடிவப் பரப்பில் விழும் வெளிச்சத்தை முகத்துக்கு ஈடாக எடுத்துக்கொண்டார்கள். முகமும் ஏறக்குறைய அந்த வடிவம்தானே. 4 மீட்டர் தொலைவில் முகம் தெரிய 0.8 லக்ஸ் போதும், 10 மீட்டருக்கு 2.7 லக்ஸ் வேண்டும் என்று வந்தது. நாலு மீட்டர் என்பது, எதிரே வருகிறவர் சரியில்லை என்று பட்டால் ஒதுங்கிக்கொள்ள இருக்கும் இடைவெளி.

எண்கள் எவ்வளவு சின்னவை பாருங்கள். உங்கள் தரையில் இதைப்போல் பல மடங்கு விழுந்துகொண்டிருக்கும். ஆனால் வருகிறவரின் முதுகுக்குப் பின்னால் கம்பம் இருந்தால் முகத்தில் விழுவது சொற்பம்.

நாலாவது பெஞ்ச்

ஒளிமானி சார் முகத்தில் விழும் வெளிச்சத்தைச் சொன்னார். பார்ப்பவர் மூளைக்குள் நடப்பதை நான் சொல்கிறேன், புலனறிவு ஆராய்ச்சிதான் என் படிப்பு.

நம் கண் ஒரு விஷயத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது: வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி.எஸ். ராமச்சந்திரன் 1988இல் இதை அழகாகக் காட்டினார். மேல்பக்கம் வெளுத்து, கீழ்ப்பக்கம் கறுத்த வட்டம் மேடாகத் தெரியும். அதையே தலைகீழாக்கினால் பள்ளமாகத் தெரியும். இதில் வேடிக்கை என்னவென்றால், படத்தைத் திருப்பாமல் நீங்கள் குனிந்து கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்த்தாலும் மேடும் பள்ளமும் இடம் மாறிவிடும். மூளைக்கு 'மேலே' என்பது வானம் இருக்கும் பக்கம் இல்லை, நம் உச்சந்தலை இருக்கும் பக்கம்.

முகத்துக்கு வருவோம். ஆலன் ஜான்ஸ்டன், ஹரால்ட் ஹில் குழுவினர் 1992இல் சோதித்தபோது, கீழிருந்து ஒளி விழுந்த முகங்களை அடையாளம் காண்பது தெளிவாகவே கடினமாக இருந்தது. 1996இல் ஹில்லும் விக்கி புரூஸும் முகத்தின் வடிவத்தை மட்டும் வைத்துச் செய்த சோதனைகளிலும், மேலொளி பட்ட முகங்களைப் பொருத்துவது கீழொளி பட்டவற்றைவிட எளிதாக இருந்தது. தாடைக்குக் கீழே டார்ச் பிடித்துப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோமே, அதன் அடிப்படை இதுதான். நிழல் விழும் இடங்கள் எல்லாம் புரண்டு போகின்றன.

பிறந்து சில நாளே ஆன குழந்தைகளிடமும் இது இருக்கிறது. 2005இல் தெரேசா ஃபரோனி குழுவினர் பார்த்தபோது, கீழிருந்து ஒளி பட்ட முகத்தைவிட மேலிருந்து ஒளி பட்ட முகத்தையே பச்சிளங்குழந்தைகள் விரும்பிப் பார்த்தன.

மதிலோரம்

குழம்புகிறதே. தலைக்கு மேல் விளக்கு இருந்தால் கெட்டது என்கிறார் அவர். மேலிருந்து வரும் வெளிச்சம்தான் நல்லது என்கிறீர்கள் நீங்கள். நான் அசோசியேஷனில் எதைச் சொல்வது?

மஞ்சள்பை ஸ்டுடியோ

இரண்டு பேரும் சொல்வது சரி. 'மேலே' என்றால் எங்கே மேலே என்பதுதான் கேள்வி. உச்சியில் நேராக வைத்தால் கண் போய்விடும், மூக்கு நிழல் உதட்டில் விழும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெளியில் வைத்து யாரும் கல்யாண போட்டோ எடுக்க மாட்டார்கள். முகத்துக்கு முன்னால், சற்றுப் பக்கவாட்டில், ஏறக்குறைய 45 டிகிரி மேலே வைத்தால் மூக்குக்கும் கன்னத்துக்கும் உருவம் கிடைக்கும், கண்ணிலும் ஒரு பொட்டு வெளிச்சம் விழும். ஸ்டுடியோவில் மெயின் லைட் நிற்கிற இடம் அதுதான்.

ரொம்ப நேராக முகத்தில் அடித்தாலும் கெடும். இப்போது எல்லார் கையிலும் இருக்கிற ரிங் லைட்டைப் பாருங்கள். நிழலே இருக்காது, தோல் வழவழவென்று இருக்கும். பாதிப் பேர் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வருவார்கள். கேட்டால் அதுதான் அழகு என்கிறார்கள். சரி, காசு கொடுப்பவர்கள் அவர்கள்.

பொழிக்கரை

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? எங்கள் ஊரில் கரண்ட் இல்லாத ராத்திரி, வரப்பில் வருகிறவர் யாரென்று இருமலை வைத்தே சொல்லிவிடுவார்கள். நடை, தோளில் துண்டு போடும் விதம், செருப்புச் சத்தம், இதில் ஒன்று போதும். அமாவாசை இருட்டிலும் எங்கள் பெரியப்பாவை எனக்குத் தெரியும். உங்கள் வாட்ச்மேன் அந்தக் குடியிருப்புக்குப் புதிதாக இருப்பார், அவ்வளவுதான்.

நாலாவது பெஞ்ச்

அண்ணே, நீங்கள் சாதாரணமாகச் சொன்னதுதான் இந்தத் துறையில் கடந்த இருபது முப்பது வருடங்களின் முக்கியமான பேச்சு. தெரிந்த முகமும் தெரியாத முகமும் மூளைக்கு ஒரே மாதிரி வேலை இல்லை.

ராப் ஜென்கின்ஸ், மைக் பர்ட்டன் குழுவினர் 2011இல் வெளியிட்ட சோதனை ஒன்று. நெதர்லாந்தின் பிரபலங்கள் இரண்டு பேர், ஆளுக்கு 20 படம், மொத்தம் 40. எல்லாம் வெவ்வேறு வெளிச்சம், வெவ்வேறு கேமரா, வெவ்வேறு நாள். இதைக் கலைத்துக் கொடுத்து, ஓர் ஆளுக்கு ஒரு குவியலாகப் பிரிக்கச் சொன்னார்கள். அவர்களை அறியாத பிரிட்டிஷ்காரர்கள் நடுமட்டமாக ஏழெட்டுக் குவியல் போட்டார்கள். சிலர் 16 வரை போனார்கள். அந்த இருவரையும் அறிந்த நெதர்லாந்துக்காரர்களுக்கு இரண்டு குவியலாகப் பிரிப்பது சுலபமாக இருந்தது.

அதாவது அறியாதவருக்கு, வெளிச்சமும் கோணமும் மாறினால் ஒரே ஆள் பல ஆளாகிவிடுகிறார். கணினிப் பக்கமிருந்தும் இதையே கண்டார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த அதினி, மோசஸ், உல்மன் மூவரும் 1997இல் எழுதினார்கள்: வெளிச்சத் திசை மாறினால் ஒரே முகத்தின் இரண்டு படங்களுக்கு இடையே வரும் வேறுபாடு, இரண்டு வெவ்வேறு ஆட்களின் படங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரும்பாலும் அதிகம். உங்கள் பெரியப்பாவை எத்தனையோ வெளிச்சத்தில் பார்த்துப் பழகியதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. புது வாடகைக்காரரை வாட்ச்மேன் இரண்டு தடவை பார்த்திருப்பார், இரண்டும் பகலாக இருந்திருக்கும்.

கருங்கோட்டு

திருநெல்வேலிப் பக்கம் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். நீங்கள் பேசிக்கொண்டிருப்பது எங்களுக்கு அன்றாடப் பிழைப்பு.

ராத்திரியில் நடந்த சம்பவம் என்றால் முதல் சண்டை வெளிச்சத்தைப் பற்றித்தான். சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜரில் தெருவிளக்கு எழுதப்பட்டிருக்கிறதா, மாதிரி வரைபடத்தில் கம்பம் எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். குறிக்காமல் விட்டிருந்தால் குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்துக்கொள்வோம். அன்றைக்கு அந்த நேரத்தில் மின்சாரம் இருந்தது என்று நிரூபிக்க அரசுத் தரப்பு மின்வாரிய ஊழியரைச் சாட்சியாகக் கூப்பிடும். கம்பத்தில் விளக்கு எரிந்ததா என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். அந்த விளக்கு குற்றவாளியின் முகத்தில் விழுந்ததா, முதுகில் விழுந்ததா என்று கேட்பவர் குறைவு. ஒளிமானி சார் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்.

இதில் உலகப் புகழ் பெற்ற வழக்கு ஆபிரகாம் லிங்கன் நடத்தியது. 1857 ஆகஸ்டில் இல்லினாயில் ஒரு கொலை. டஃப் ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞன்மேல் குற்றச்சாட்டு. 150 அடி தூரத்திலிருந்து நிலா வெளிச்சத்தில் பார்த்தேன் என்றார் முக்கியச் சாட்சி சார்லஸ் ஆலன். 1858 மே மாதம் பியர்ட்ஸ்டவுன் நீதிமன்றத்தில் லிங்கன் அவரைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துவிட்டு, கடைசியில் பஞ்சாங்கத்தை நீட்டினார். அந்த நேரத்தில் நிலா அடிவானத்தை நோக்கி இறங்கிவிட்டிருந்தது. ஆம்ஸ்ட்ராங் விடுதலையானார்.

நம் உச்ச நீதிமன்றம் வேறு பக்கமும் பேசியிருக்கிறது. 1997இல் பீகாரிலிருந்து வந்த காளிகா திவாரி வழக்கில், டியூப்லைட்டுக்குப் பழகிய நகரத்தாரின் பார்வையை அளவுகோலாக வைத்து, நாட்டு விளக்குக்குப் பழகிய கிராமத்தாரை எடைபோடக் கூடாது என்றது. பொழிக்கரை அண்ணன் கட்சிதான்.

நாலாவது பெஞ்ச்

வக்கீல் சார், அந்தக் கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பழக்கம் ஓரளவுக்கு உதவும், ஆனால் விழித்திரை எல்லாருக்கும் ஒன்றுதான். நாம் நேராக உற்றுப் பார்க்கும்போது பிம்பம் விழும் நடுப்புள்ளியில் கூம்பு செல்கள் மட்டுமே உண்டு. அவற்றுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். இருட்டில் வேலை செய்யும் கோல் செல்கள் அந்த நடுப்புள்ளியில் கிடையாது, சுற்றித்தான் இருக்கின்றன. நல்ல பௌர்ணமியிலேயே தரைக்கு வருவது கால் லக்ஸ் அளவுதான். அந்த வெளிச்சத்தில் யார் என்று உற்றுப் பார்க்கப் பார்க்க முகத்தின் நுணுக்கம் நழுவிப் போகும். கிராமத்தார் இருட்டில் ஆளைச் சொல்கிறார்கள் என்றால், அவர்களுக்கு ஆள் ஏற்கெனவே தெரிந்தவர் என்பதும் நடையும் குரலும் சேர்ந்து உதவுகின்றன என்பதும்தான் காரணமாக இருக்க முடியும்.

நெதர்லாந்து உளவியலாளர் வில்லெம் வாகனார், நீதிமன்றத்துக்கு என்றே 1996இல் ஓர் அளவு சொன்னார். முன்பின் தெரியாத ஆளைப் பார்த்துப் பிறகு அடையாளம் காட்ட வேண்டுமானால், தூரம் 15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, வெளிச்சம் 15 லக்ஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. பதினைந்து விதி என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

பொழிக்கரை

0.8 லக்ஸ் போதும் என்கிறார் ஒருவர், 15 வேண்டும் என்கிறீர்கள் நீங்கள். இருபது மடங்கு வித்தியாசம். ஆராய்ச்சிக்காரர்கள் முதலில் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு வரட்டும்.

ஒளிமானி

நியாயமான கேள்வி. தூரமும் வேறு, வேலையும் வேறு. எங்கள் கணக்கு, நாலு மீட்டரில் எதிரே வரும் முகத்தை அப்போதைக்குப் பார்ப்பதற்கு. அவர்கள் கணக்கு, பதினைந்து மீட்டர் வரை நின்று பார்த்த அந்நியரை மறுபடி எடுத்துக் காட்டுவதற்கு. ஒருவரைத் தூக்குமேடைக்கு அனுப்பக்கூடிய சாட்சிக்கும் நடைபாதை விளக்குக்கும் ஒரே எண்ணை வைக்க முடியாது.

கருங்கோட்டு

அதே கோட்டைத்தான் சட்டமும் போடுகிறது. ஏற்கெனவே தெரிந்தவர் என்று சாட்சி சொன்னால், சந்தேக ஆளை வேறு சிலரோடு வரிசையில் நிறுத்திச் சாட்சியைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்புக்குப் பெரும்பாலும் அவசியம் இருக்காது. அந்நியர் என்றால் அணிவகுப்பு நடத்தியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆனால் அணிவகுப்பு நடப்பது சிறைக்குள், பகலில், நல்ல வெளிச்சத்தில். சாட்சி பார்த்தது ராத்திரியில், பக்கவாட்டு வெளிச்சத்தில். நாலாவது பெஞ்ச் சொன்ன 40 படக் கதையை வைத்துப் பார்த்தால், சரியான ஆளையே அவர் அடையாளம் தெரியாமல் விட்டுவிடலாம், தவறான ஆளையும் தொடலாம். அணிவகுப்பில் 'தொட்டுக் காட்டினார்' என்று எழுதும்போது யாரும் இதை யோசிப்பதில்லை.

மஞ்சள்பை ஸ்டுடியோ

எனக்கு ஒரு சந்தேகம். ஃபிலிம் காலத்தில் எங்கள் அப்பா நெகட்டிவில் பென்சில் வைத்து டச்சிங் செய்வார். நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தே இது எந்த வீட்டுக் கல்யாணம், இது யார் என்று பல சமயம் சொல்லிவிடுவார். எனக்கு என் சொந்தத் தங்கையின் முகமே நெகட்டிவில் தெரியாது. இது வெளிச்சம் புரள்வது மாதிரிதானா?

நாலாவது பெஞ்ச்

அதற்கு நெருங்கிய உறவு. நெகட்டிவில் நிழல் இருந்த இடம் வெளுத்து, வெளிச்சம் இருந்த இடம் கறுத்துவிடுகிறது. மேலொளி கீழொளி மாதிரி ஆகிவிடுகிறது. நான் முன்னால் சொன்ன 1992 ஆய்விலேயே இரண்டையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள்.

ஆனால் வெளிச்சத் திசை மட்டும் காரணம் இல்லை. பவன் சின்ஹாவின் குழு 2009இல் ஒரு காரியம் செய்தது. முகம் முழுவதும் நெகட்டிவ், கண்ணைச் சுற்றிய பட்டை மட்டும் பாசிட்டிவ். பார்ப்பதற்குக் கோரமாக இருக்கும். ஆனால் நெகட்டிவில் தெரியாத ஆட்கள் இதில் சட்டென்று தெரிந்துவிட்டார்கள், சாதாரணப் படத்துக்குப் பெரிதாகக் குறையவில்லை. நெற்றியையும் கன்னத்தையும்விடக் கண் இருண்டிருக்கும் என்பது, வெளிச்சம் எப்படி மாறினாலும் பெரும்பாலும் மாறாத விஷயம். மூளை அதைக் கொழுகொம்பாகப் பிடித்துக்கொள்கிறது. 2001இல் வந்து டிஜிட்டல் கேமராக்களுக்கு முகம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்த வயோலா, ஜோன்ஸ் முறையும் கன்னத்தைவிடக் கண் பட்டை கறுப்பா என்று பார்க்கும்.

உங்கள் அப்பா விஷயத்தில், வருடக்கணக்காக நெகட்டிவையே பார்த்த கண் அது. உடை, நகை, நிற்கிற தோரணையும் கை கொடுத்திருக்கும். முகத்தை மட்டும் வெட்டிக் காட்டியிருந்தால் சொல்லியிருப்பாரா என்பது என் சந்தேகம்.

மஞ்சள்பை ஸ்டுடியோ

சொல்லியிருப்பார். அவரை உங்களுக்குத் தெரியாது.

அடவுக்காரன்

கண் என்றதும் ஒன்று. தெருக்கூத்தில் அரிதாரம் பூசும்போது கண்ணையும் புருவத்தையும் கட்டாயமாகக் கனமாக எடுத்து எழுதுவார்கள். அந்தக் காலத்தில் தீப்பந்தம், பிறகு பெட்ரோமாக்ஸ். அசையும் வெளிச்சத்தில், கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருப்பவருக்கும் துரியோதனன் எங்கே பார்க்கிறான் என்று தெரிய வேண்டும். கிரீடத்தில் கண்ணாடித் துண்டு பதிப்பதும் கிடைக்கிற சிறு வெளிச்சத்தைப் பிடித்து வீசத்தான். இப்போது கோயில் திருவிழாவில் நாலு பக்கமும் ஃபோகஸ் லைட் கட்டிவிடுகிறார்கள். அதே அரிதாரம் அந்த வெளிச்சத்தில் அட்டையில் வரைந்த மாதிரி இருக்கிறது. பழைய வாத்தியார்கள் எரிச்சலாகிறார்கள், விழாக் கமிட்டிக்கு வீடியோ நன்றாக வந்தால் போதும்.

கேபிள்கட்டு

சிசிடிவி வேலை செய்கிறேன். ராத்திரி அகச்சிவப்பில் ஓடும் கேமராவில் முகம் ஏன் பேய் மாதிரி இருக்கிறது என்று எல்லா வாடிக்கையாளரும் கேட்பார்கள். அந்த அலைநீளத்தில் கறுப்புத் தோலும் வெளுப்பாகத்தான் தெரியும், தோலுக்குக் கறுப்பு தரும் மெலனின் அதை அவ்வளவாக உறிஞ்சாது. கறுப்புச் சட்டை சாம்பலாகவோ வெள்ளையாகவோ வரும். கேமராவுக்குப் பக்கத்திலேயே அகச்சிவப்பு விளக்கு இருப்பதால் கண்மணி பளிச்சென்று திருப்பி அடிக்கும். கறுப்பாக இருக்க வேண்டியது வெள்ளையாகிவிடுகிறது. மேலே சொன்ன நெகட்டிவ் கதையைப் படித்ததும், சொந்தக்காரர்களே காட்சியைப் பார்த்துத் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்குமோ என்று படுகிறது.

கைப்பேசி முகப்பூட்டு வேறு மாதிரி. ஐபோனில் 2017இலிருந்து வந்தது, கண்ணுக்குத் தெரியாத 30,000க்கு மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் அடித்து மேடு பள்ளத்தை அளக்கிறது. அறை வெளிச்சத்தை அது நம்பியே இல்லை.

மதிலோரம்

நிறம் ஏதாவது செய்கிறதா? மஞ்சளைக் கழற்றி வெள்ளை போட்டதுதான் தப்பு என்று ஒருவர் சண்டை போடுகிறார்.

நாலாவது பெஞ்ச்

ஆளை அடையாளம் காண நிறம் பெரிதாக உதவுவதில்லை, கறுப்பு வெள்ளைப் படத்திலும் நமக்கு ஆள் தெரிகிறார்கள். படம் மிகவும் மங்கும்போதுதான் நிறம் கைகொடுக்கிறது. ஆனால் முகம் எப்படித் தோன்றுகிறது என்பதில் நிறத்துக்குப் பங்கு உண்டு. 2019இல் பெவில் கான்வே குழுவினர், ஒரே ஒரு மஞ்சள் அலைநீளம் மட்டும் தரும் குறைஅழுத்த சோடியம் விளக்கில் பழங்களையும் முகங்களையும் காட்டினார்கள். முகங்கள் மட்டும் பச்சை பூத்து, நோயாளி மாதிரி தெரிந்தன. பழங்களுக்கு அப்படி ஆகவில்லை.

ஒளிமானி

நம் ஊர்த் தெருக்களில் இருந்தது பெரும்பாலும் உயர்அழுத்த சோடியம், அதில் கொஞ்சம் மற்ற நிறங்களும் உண்டு. ஆகவே மஞ்சளுக்குத் திரும்ப வேண்டாம். உங்கள் பழைய விளக்குகள் உயரம் குறைவாக, கேட்டுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். முகம் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

செய்ய வேண்டியது: கேட்டுக்கு உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் சிறிய விளக்கு, வருகிறவர் முகத்தைப் பார்த்தபடி. மேல்மூடி போட்டு, வாட்ச்மேன் கண்ணில் நேராக அடிக்காமல். வயதான கண்ணுக்குள் ஒளி அதிகமாகச் சிதறும், கண்புரை ஆரம்பித்திருந்தால் இன்னும் மோசம். எதிரே ஒரு ஃபிளட் லைட் தெரிந்தாலே முன்னால் நிற்பவர் முகம் வெளுத்துக் கரைந்துவிடும். ஆளை மாற்றச் சொல்கிறவர்கள் முதலில் கம்பத்திலுள்ள அந்த விளக்கின் தலையைக் கீழே திருப்பட்டும்.

வேலை முடிந்ததும் மீட்டரைத் தரையில் வைக்க விடாதீர்கள். ஒன்றரை மீட்டர் உயரத்தில் செங்குத்தாகப் பிடித்து, உள்ளே வருகிறவரின் முகம் பார்க்கும் திசையில் அளக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் பில்லை நிறுத்தி வையுங்கள்.

மதிலோரம்

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். இந்த இழையை அச்செடுத்து எடுத்துப் போகிறேன். வக்கீல் சார், பில்லை நிறுத்தி வைத்தால் கான்டிராக்டர் நோட்டீஸ் அனுப்புவாரா?

கருங்கோட்டு

ஒப்பந்தத்தில் 'தரையில் இத்தனை லக்ஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அனுப்புவார், ஜெயிக்கவும் செய்வார். அதை முதலில் எடுத்துப் படியுங்கள்.